இரண்டு பேரையும் இழு

இது நடந்தது. கேள்விப்பட்டதோ கனவில் கண்டதோ இல்லை. 1976, ஏப்ரல் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பேய் என்றால் அமாவாசை இருட்டு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடலாம். அன்றைக்குத் தூத்துக்குடிக் கடலில் கண் கூசும் வெயில். அலைகூட இல்லை.

வளனுக்கு ஒரு மாதமாகவே மண்டைக்குடைச்சல். சிப்பிப் பண்ணையில் காற்று எஞ்சின்களுக்கு அவன்தான் பொறுப்பு. கடலடியில் முத்துச்சிப்பி எடுக்கிறவனுக்குப் படகிலிருந்து ரப்பர் குழாய் வழியே காற்று அனுப்பும் எஞ்சின்கள். மொத்தம் மூன்று. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜப்பான் எஞ்சினுக்குக் கயிற்றைச் சுண்டி இழுத்தால் போதும். கோயம்புத்தூர் எஞ்சினுக்குக் கைப்பிடியைப் போட்டுத் தோள் கழலச் சுற்ற வேண்டும். மூன்றாவதைக் 'கப்பல்காரன்' என்பார்கள். எந்தக் கப்பலில் கழற்றியதோ, யார் யார் கையில் இருந்ததோ, கடைசியில் ஏலத்தில் பண்ணைக்கு வந்து சேர்ந்தது. அதன் தலைக்குத் தீயைப் பிடித்துப் பத்து நிமிடம் சூடு காட்டினால்தான் அதற்கு உயிர் வரும்.

நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கூத்து. ஒன்றுக்கு முதலில் குழாயை மாற்ற வேண்டும். ஒன்றுக்கு முதலில் எண்ணெயை மூட வேண்டும். அவனவன் எஞ்சின் அவனவனுக்குத்தான் தெரியும். போன மாதம் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட, மாற்றாளாக வந்தவன் எஞ்சின் நின்றதும் திருதிருவென்று விழித்தான். கீழே இருந்தவன் காதில் ரத்தத்தோடு மேலே வந்தான்.

"மூணுக்கும் ஒரே அட்டை. எவன் வந்தாலும் வாசிச்சு ஓட்டணும். நீயே எழுதிரு," என்றார் மேலாளர் நயினார் சார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்! வளன் எழுதினான். அடித்தான். கிழித்தான். ஒன்றுக்குச் சரியாக எழுதினால் அது இன்னொன்றுக்கு ஒத்துவராது. சோறு இறங்கவில்லை. கடைசியில் கிளப்பும் முறையை மட்டும் எஞ்சினுக்கு எஞ்சின் தனியாக விட்டான். நின்றுபோனால் செய்ய வேண்டியதை மூன்றுக்கும் ஒன்றாக்கினான். எஞ்சினோடு வரும் அவசரக் காற்று சிலிண்டரை வலப்பக்கம் திருகித் திற. கீழே இருப்பவனின் கயிற்றை நான்கு முறை சுண்டு. ஆளை இழு. அவ்வளவுதான்.

ஒரே ஒரு வரிதான் எதிலும் அடங்கவில்லை. கப்பல்காரன் மேல் கம்பியால் கட்டியிருந்த பழைய குறிப்புப் பலகையில், எல்லாவற்றுக்கும் அடியில், வெள்ளைப் பெயிண்டில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'நின்றால் இரண்டு பேரையும் இழு.'

"எந்த ரெண்டு பேரு சார்?"

"எனக்கென்ன தெரியும்? ஏலத்துல வரும்போதே இருந்துச்சு."

"குழாய் ஒண்ணுதான் இருக்கு. ஒரு ஆளுதான் இறங்குதான்."

"அப்ப எடுத்துருடே. அதுக்கும் என்னைய கேக்கணுமா?"

எடுத்துவிட்டான். எரிச்சலில் பலகையையே பிடுங்கிக் குப்பையில் எறிந்தான்.

ஏப்ரல் ஆறாம் தேதி கப்பல்காரனை ஏற்றிக்கொண்டு படகு போனது. இறங்கப் போகிறவன் சிலுவை. வளனின் தங்கை மெட்டில்டாவைக் கட்டியவன். இந்தக் கரையில் கடலில் இறங்குகிறவனின் கயிறு அவன் மைத்துனன் கையில்தான் இருக்கும். கூடப்பிறந்தவள் தாலியை எவன் நழுவ விடுவான்? அதனால் கயிறு வளனிடம். எஞ்சின் பேச்சிமுத்துவிடம். கப்பல்காரனை அவன் அதுவரை தொட்டதில்லை. கையில் புது அட்டை.

"ஏலே பேச்சி, நல்லா படிச்சுக்கோ. எம் மச்சான் பரீட்சை வப்பான்," என்றான் சிலுவை.

"அண்ணாச்சி கையெழுத்து கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு!"

"வாய மூடிட்டு ஓட்டுல," என்றான் வளன். சிரிப்பு வரவில்லை அவனுக்கு.

9.40. சிலுவை இறங்கினான். எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழம். 'டப்... டப்... டப்...' எஞ்சின் ஒழுங்காக ஓடியது.

9.55. வளன் கயிற்றை ஒரு முறை சுண்டினான். சுகமா என்று அர்த்தம். பதிலுக்குக் கீழிருந்தும் ஒரு சுண்டல் வர வேண்டும். வந்தது. சற்றுப் பொறுத்து... இன்னொன்றும் வந்தது.

விளையாடுகிறான் என்று நினைத்தான்.

10.20. சிப்பிக் கூடை மேலே வந்தது. தளும்பத் தளும்ப. ஒரு கூடை நிறைய எப்போதும் ஒரு மணி நேரமாவது ஆகும்.

"உம்ம மச்சானுக்கு இன்னைக்கு நாலு கையா அண்ணாச்சி?" என்றான் பேச்சிமுத்து.

11.05. தண்ணீரில் மூச்சுக் குமிழிகள். ஓரிடத்தில் வர வேண்டியது, ஈரிடத்தில் வந்தது. நடுவில் பத்தடி தூரம். நீரோட்டமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான் வளன். அன்று நீரோட்டமே இல்லை.

11.20.

'டப்... டப்... ட...'

நின்றது.

"சிலிண்டரத் தொறல!"

பேச்சிமுத்து அட்டையைப் பார்த்தான். வலப்பக்கம் என்றிருந்தது. திருகினான். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் திருகினான்.

"தொறந்தாச்சு அண்ணாச்சி!"

11.21. வளன் நான்கு முறை சுண்டினான். மேலே வா என்று அர்த்தம். பதில் வந்தது. நான்கு.

ஒரு மூச்சு நேரம்...

மறுபடியும் நான்கு.

இழுத்தான். கயிறு வரவில்லை. பாறையில் எங்கோ சிக்கியிருந்தது.

"எஞ்சினக் கிளப்புல!"

"தலை சூடாகணும்லா... பத்து நிமிசம்னு நீருதான எழுதியிருக்கீரு!"

எழுதியது அவன்தான். அழகாக, கட்டம் போட்டு. வளனுக்குத் தன் தலையையே அந்தத் தீயில் காட்டலாம் போல இருந்தது.

11.24. குமிழி வந்துகொண்டுதான் இருந்தது. சிலிண்டர் காற்று போகிறது என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஈரிடத்தில் வந்த குமிழி இப்போது ஓரிடத்தில் வந்தது.

அடர்த்தியாக.

11.28. குதித்துவிடுவது என்று சட்டையைக் கழற்றினான். அப்போது கயிறு தளர்ந்தது.

வளனும் பேச்சிமுத்துவும் சேர்ந்து இழுத்தார்கள். கனத்தது. சிலுவை அவ்வளவு கனமில்லை. வளனின் உள்ளங்கை உரிந்தது.

பாதி வழியில்...

சட்டென்று லேசானது.

"யேசுவே!"

11.29. சிலுவையின் தலை தெரிந்தது. கண் திறந்திருந்தது. படகில் தூக்கிப் போட்டார்கள். இருமினான். உப்புத் தண்ணீரைக் கக்கினான். எழுந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

"அவன எங்க?"

"எவன மச்சான்?"

"நீங்க அனுப்புன ஆள."

யாரையும் அனுப்பவில்லை.

"குழாய் பாறைல மாட்டிக்கிச்சு. இடுப்புக் கயிறும் சிக்கிட்டு. காத்து நின்னுட்டு. அவ்வளவுதான்னு நெனச்சேன்." சிலுவை மூச்சு வாங்கினான். "பின்னாலருந்து ஒரு கை வந்துச்சு. அவன் குழாய எடுத்து எம் வாயில வச்சான். மாத்தி மாத்தி இழுத்தோம்."

"மூஞ்சியப் பாத்தியா?"

"கலங்கலு. தெரியல. கயித்த எடுத்துவிட்டதும் அவன்தான். அவனையும் எங்கூடச் சேத்துக் கட்டினேன், மச்சான். நல்லாத்தான் கட்டினேன். பாதியில... அவனே அவுத்துட்டான்."

சிலுவை மறுபடி எட்டிப் பார்த்தான்.

"இறங்கித் தேடுங்கல. கீழ கெடக்கான்."

கயிற்றின் நுனியில் இரண்டாவது முடிச்சு ஒன்று இருந்தது. வெறும் வளையமாக. ஒரு ஆள் இடுப்பு அளவு.

பேச்சிமுத்து துடுப்பை எடுத்தான். படகைக் கரைக்குத் திருப்பினான்.

சிலுவையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வளன் பண்ணையில் நின்றான். மணி 2.10. நயினார் சார் படகிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிச் சோதித்தார். அவசர சிலிண்டரிடம் வந்ததும் நின்றார்.

"பேச்சி, இத எந்தப் பக்கம் திருகுன?"

"அட்டையில உள்ளபடிதான் சார். வலது பக்கம்."

நயினார் சார் வளனை நிமிர்ந்து பார்த்தார்.

"மத்த ரெண்டுக்கும்தான் வலது. கப்பல்காரன் சிலிண்டருக்கு இடதுடே. வலது திருகுனா இன்னும் இறுகும்."

வளன் பலகையை எறிந்த குப்பைமேட்டைப் பார்த்தான்.

நயினார் சார் அழுத்தமானியை மாட்டி இடப்பக்கம் திருகினார். முள் மெல்ல ஏறியது. காலையில் நிரப்பியபோது சிலிண்டர் மேல் சாக்கட்டியால் எழுதிய எண்ணுக்கு வந்து நின்றது. அசையாமல் நின்றது.

எஞ்சின் நின்றதிலிருந்து சிலுவை மேலே வரும்வரை ஒன்பது நிமிடம்.

சிலிண்டரில் ஒரு மூச்சுகூடக் குறையவில்லை.