மண்டபத்தில் லீக்ஸ்

மண்டபம் என்ற ஊரில் பேருந்து பழுதாகி நிற்கிறது. சாலையோரக் கடையில் இட்லி தீர்ந்துவிட்டது. எனக்கோ நல்ல பசி. கொடைக்கானலில் வாங்கிய லீக்ஸ், தடித்த வெங்காயத்தாள் போல, என் பைக்கு வெளியே வாடித் தொங்குகிறது. கடைக்கார அக்கா அதைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறார். நுவரெலியாவில் பிறந்தவராம், இப்போது இங்கே அகதி முகாமில் இருக்கிறார்.

"எங்க ஊரு லீக்ஸு! இப்பிடி வாட விடலாமா? தாங்க தம்பி."

மண் போக அலசி, முழுத் தண்டாகவே வேக வைக்கிறார். அரைத்த கடுகு, வினிகர், நல்லெண்ணெய் எல்லாம் கலந்து மேலே ஊற்றித் தட்டை நீட்டுகிறார். காரம் மூக்கில் ஏறுகிறது. தண்டு நாக்கில் கரைகிறது. நன்றி சொல்ல வாய் காலியாக இல்லை.

அவர் நறுக்கிப் போட்ட வேர்களைப் பொறுக்கி, தகர டப்பா மண்ணில் ஊன்றுகிறார்.

"இந்த வெயில்ல முளைக்குமாக்கா?"

"நாங்க முளைக்கலையா தம்பி?"