ஏழாம் நம்பர் சப்பாத்து

மாணிக்கம், பாயின் சப்பாத்துக் கடைப் பூட்டை உடைத்தவன் நீ. என்னை மட்டும் கொள்ளைக்காரன் என்று நம் காஜா பேராங் வட்டாரம் முழுக்கச் சொல்லித் திரிகிறாய். நானும் கடைக்குள் புகுந்தேன். அதை மறைக்க என் கால் கட்டைவிரல் விடாது.

யுத்தத்தில் வெள்ளைக்காரன் ஓடிப்போய், ஜப்பான்காரன் இன்னும் வந்து சேராத நாள் அது. ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்தை எடுத்துவந்து, பயத்தில் இரண்டு வருடம் காலி அரிசி டின்னில் ஒளித்துவைத்தேன். பழையது பிய்ந்ததும் அதைப் போட்டேன். இறுக்கியது. புதுச் சப்பாத்தை விட மனமில்லை.

வலித்த நகத்தின் ஓரத்தைப் பிளேடால் தோண்டினேன். நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்தது. இதே தொல்லை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

வீக்கம் பாதத்துக்கு ஏறிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனேன். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரலையே எடுக்கணும்" என்றார் டிரெசர் (காயங்களுக்கு மருந்து கட்டுபவர்). மரத்துப்போக ஊசி கிடையாது. நகத்தின் ஓரத்தை அப்படியே பிடுங்க வேண்டும். காலைப் பிடிக்க ஆள் கூப்பிட்டார்.

வந்தவர் பாய். கடை போன பிறகு அங்கே எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏழாம் நம்பரா தம்பி போட்டீங்க? ஒங்க காலு ஒம்பதுல்ல."

"மாமா குடுத்தது, பாய்."

"மாமாவுக்குச் சின்னக் காலு போல. கத்துங்க, ஒதைக்காதீங்க. எனக்கு இருக்கிறதே நாலு பல்லு."

கத்தினேன்.

தினமும் பாதத்தை உப்பு வெந்நீரில் ஊறவைக்கச் சொன்னார்கள். அப்போது உப்புக்கு எங்கே போவது? மூன்றாம் நாள் பாய் தெங்கேராக் கடற்கரையிலிருந்து ஒரு டின் கடல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "காய்ச்சி ஊத்துங்க" என்றார். என் வீட்டு வாசலில் அந்தச் சப்பாத்து கிடந்தது. டின்னை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். காயம் ஆறும்வரை கொண்டுவந்தார்.

பிடுங்கிய இடத்தில் நகம் அடியிலிருந்து நுனிக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஜப்பான்காரனும் போய்விட்டான். நாட்களை நான் அந்த நகத்தை வைத்துத்தான் எண்ணினேன். அது ஒடுங்கி, வரிவரியாக வளர்ந்திருக்கிறது. கால் கழுவக் குனியும்போதெல்லாம் கூசுகிறது. பாயிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஜனம் வெளியே வரும்போது, ஜாலான் துக்காங் எமாஸ் பள்ளிவாசல் எதிரே அந்தச் சப்பாத்தோடு நிற்பேன். எடுத்தது நான் என்று சொல்வேன். மாணிக்கம், நீயும் வா. பூட்டை உடைத்தது யார்? பாயின் முகத்தைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்.