மேலூரான்

தட்டில் சோறு விழுந்ததும் மாமா அதை இரண்டாகப் பிரிப்பார். விரலால் நடுவே ஒரு வரப்புக் கட்டி, ஒரு பாதி தனக்கு, மறுபாதி மேலூரானுக்கு. அவர் என் அம்மாவின் அண்ணன், கல்யாணம் ஆகாதவர், திண்டிவனத்தில் எங்கள் வீட்டோடு இருந்தார். நான் அப்போது சிறுமி. மேலூரானை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

மாமா காணை கிராமத்தில் சிறுவனாக இருந்தபோது, மனிதன் நிலாவில் இறங்கிய செய்தியைப் பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டாராம். அதற்குப் பிறகுதான் மேலே நிலாவிலிருந்து மேலூரான் அவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். "அவங்க கால் வெச்ச எடத்துலதான் அவன் வூடு இருந்துச்சு. மெறிச்சிட்டாங்க. பாவம், எங்க போவான்?" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகளின் கற்பனைத் தோழர்கள் வளர வளர மறைந்துபோனார்கள். மாமாவுடைய தோழன் மட்டும் கூடவே வளர்ந்தான்.

"இன்னா மாமா, ராக்கெட்டு எப்ப? நமக்கும் ஒரு சீட்டு போட்டு வை" என்பார்கள் டீக்கடையில். மாமாவும் சிரித்துவிட்டு வருவார். மேலூரான் உத்தரவு போடத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது. முதலில் பாதிச் சோறு போதும் என்றானாம். பிறகு ஒரு கைப்பிடி. கடைசியில் அதுவும் கூடாது என்றுவிட்டான்.

"ஒரு வாய் துண்ணுண்ணே, என் கண்ணு இல்ல" என்று அம்மா உருண்டை பிடித்துக்கொண்டு நிற்பார்.

"நான் துண்ணா அவனுக்கு வலிக்குதாம்மா."

கையில் கயிறு கட்டினார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். டாக்டரிடம் போகலாம் என்று அப்பா சொன்னபோது, பைத்தியக்காரக் குடும்பம் என்று பேர் வந்துவிடும், வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறது என்று உறவினர்கள் தடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் பிள்ளை நான். ஒருநாள் வெளியே போன மாமா திரும்பவில்லை. வானூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் உயிரில்லாமல் கிடந்தார். அவரைத் தூக்கி வர இரண்டு பேரே போதுமாக இருந்தது.

இப்போது நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். மகள் யுகேஜி படிக்கிறாள். நம் விண்கலம் நிலாவில் இறங்கிய வீடியோவைப் பள்ளியில் காட்டினார்கள். அன்று மாலையே அவளுக்கு அங்கிருந்து ஒரு நண்பன் வந்துவிட்டான். பெயர் டிங்கு. அறைக்குள் அவள் அவனோடு பேசுவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். கேட்பது தவறோ என்று விலகுவேன். கேட்காமல் விடுவது அதைவிடத் தவறோ என்று திரும்பி வருவேன்.

"கொழந்தங்கன்னா அப்படித்தான். நீ சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத" என்கிறார் கணவர். குழந்தை மருத்துவரும் கவலை வேண்டாம் என்றார். மாமாவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லையே என்று வீட்டுக்கு வந்தபின் உறுத்தியது. மறுபடி போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு முன்பு சொன்னதையே சொன்னார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

நேற்றுத் தலை பின்னிவிடும்போது அவளிடமே கேட்டுவிட்டேன். "டிங்கு தானா பேசுவானா, நீ பேச வெச்சாதான் பேசுவானா?"

"நான்தான் பேச வெப்பேன். போரடிச்சா வூட்டுக்குப் போடான்னுடுவேன்."

"போயிடுவானா?"

"பின்ன, போவாம?" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

பின்னலை முடிக்க எனக்கு நேரம் பிடித்தது. அவள் பள்ளிக்குப் போனதும் திண்டிவனத்துக்கு, அம்மாவுக்குப் போன் செய்தேன். சின்ன வயதில் மாமா போகச் சொன்னால் மேலூரான் போய்விடுவானா என்று கேட்டேன்.

அம்மா சொன்னார்: "கயிறு கட்னோம். அடிச்சோம். அத மட்டும் அவன ஒருத்தரும் கேக்கலியேடி."