கெட்டது பக்கம் போன பாட்டு

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு ரேடியோ உண்டு. அயர்லாந்தின் மேற்குப் பக்கம், மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு சின்ன ஊர். தினமும் காலை பத்தரை மணிக்கு ஏதாவதொரு பழைய வருஷத்தின் ஹிட் பாட்டுகளை அதில் வரிசையாகப் போடுவார்கள். எந்த வருஷம் என்று கேட்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டெல்லாம் முடிந்ததும் ஒரு பெண், பஸ் நேரம் வாசிக்கிற குரலில், செத்துப்போனவர்களின் பெயர்களை வாசிப்பாள். இன்னார், இன்ன ஊர், உடல் இன்ன இடத்தில், பிரிந்து வாடும் மகன் இன்னார், மகள் இன்னார். வாசித்து முடித்ததும் மறுபடி பாட்டு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தக் குரல் ஆரம்பித்ததும் ஓடிப்போய் ரேடியோவை அணைத்துவிட்டேன். எல்லாம் தொண்ணூறைத் தொட்ட கிழங்கட்டைகள், கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் காதிலா சாவுச் சேதி விழ வேண்டும்? புண்ணியம் கட்டிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். மேஜையிலிருந்த அத்தனை பேரும் கரண்டியால் தட்டிக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் நோரா வந்து மறுபடி போட்டுவிட்டாள். யாராவது தெரிந்தவர் செத்துவிட்டாரா என்று அவளிடம் கேட்டேன். "இன்னிக்கு இல்ல. ஆனா யாருன்னு தெரியாம எப்படி இருக்கிறது?" என்றாள். எங்கள் ஊரில் எப்படி இருக்க வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட சேதி சொல்ல மாட்டார்கள். பரீட்சை முடியட்டும், பிரசவம் ஆகட்டும், லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். அந்தப் பிள்ளையும் அதுவரைக்கும் சிரித்துச் சிரித்துப் போனில் பேசிக்கொண்டிருக்கும்.

போன குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, அந்த ரேடியோ நான் ஊரை விட்டுக் கிளம்பிய வருஷத்தின் பாட்டுகளைப் போட்டது. எல்லாம் இவர்கள் பாட்டுதான், எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் கடைசியில் வருஷத்தைச் சொல்லிவிட்டார்களே. அதே வருஷம் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்களில் என்னென்ன பாட்டு அலறியது என்று தலைகீழாக ஒப்பிப்பேன். கீழப்பழுவூர்க்காரி, அதிலும் ரேடியோ செட்டுக்காரன் மகள். அப்பா கலியபெருமாள் ஆரம்பித்த கடை அரியலூர் டவுனில் இருக்கிறது. இப்போது என் தம்பி குமரேசன் பார்த்துக்கொள்கிறான். குன்னத்திலிருந்து ஜெயங்கொண்டம் வரை காதுகுத்து, கல்யாணம், திருவிழா, சாவு எதுவானாலும் எங்கள் செட்டு போகும்.

எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் அந்த வருஷத்து ஹிட் பாட்டுகளை உட்கார்ந்து பிரிப்போம். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். முன்பு இரண்டு பெட்டியில் கேசட்டுகள், இப்போது பென் டிரைவில் இரண்டு போல்டர். அப்பா, நான், தம்பி மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு பாட்டு நல்லதுக்குப் போகும். ஒருத்தர் கெட்டது என்று சொல்லிவிட்டாலும் அது கெட்டதுதான், மறுபேச்சு கிடையாது. கெட்டதுக்குப் போன பாட்டைச் சாவு வீட்டில் மட்டும்தான் போடுவோம், கல்யாணத்தில் போட மாட்டோம். கடையில் செட்டைச் சோதிக்கக்கூட அதைத் தொட மாட்டோம். வீட்டில் வாயால் முணுமுணுத்தால்கூட அப்பா அதட்டுவார்.

நான் கிளம்பிய வருஷத்துப் பாட்டுகளைப் பற்றி எனக்குப் பேச நிறைய இருக்கிறது. ஒரு குத்துப்பாட்டு வந்தது. மொத்தம் நாலு வார்த்தை, அதையே நாற்பது தடவை பாடுவார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது உயிர். செட்டு சோதிப்பதற்கு இன்றைக்கும் தம்பி அதைத்தான் போடுவான். இன்னொன்று காதல் பாட்டு, சோளக்கொல்லைக்குள் அவனும் அவளும் கையை விரித்துக்கொண்டு ஓடுவார்கள். குன்னம் பக்கம் மக்காச்சோளக் கொல்லைக்குள் ஒரே ஒரு தடவை ஓடிப் பார்க்கட்டும், தோகை கிழித்து உடம்பெல்லாம் அரித்துக்கொண்டு காதலாவது கத்தரிக்காயாவது என்று வெளியே வந்துவிடுவார்கள். மூன்றாவது ஒன்று, பாடகன் பாடவே மாட்டான், மூச்சு விடுவான். ஊரே அதில் கிறங்கிக் கிடந்தது. "ஆஸ்துமாக்காரனக் கூட்டியாந்து மைக்க நீட்டுனா இதவிட நல்லாப் பாடுவான்" என்று சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு மூச்சிரைப்பு வந்தது அதற்கு ரொம்ப வருஷம் கழித்து. அப்படிப் பேசின வாயை நினைத்தால் இப்போது எனக்கே ஆத்திரமாக வருகிறது.

நாலாவதுதான் அப்பா பாட்டு. தோளில் தூக்கிச் சுமந்தாயே, செருப்பில்லாமல் நடந்தாயே என்று ஒரு மகள் அப்பனைப் பார்த்துப் பாடுவது. அந்த வருஷம் அதைவிடப் பெரிய ஹிட்டு கிடையாது. பொண்ணு மணவறைக்கு வரும்போது போடச் சொல்லி எல்லாரும் கேட்டார்கள். எனக்கோ கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இரண்டாவது சரணத்தில் வயலின் நம் கழுத்தைப் பிடித்து அழு அழு என்கும். சும்மா இருக்கிற மனுஷனை எதற்கு அழ வைக்க வேண்டும்? நான் வந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது, இந்தக் குளிரில் அந்தப் பாட்டை என்னால் தாங்கவும் முடியவில்லை. அதை ஒத்துக்கொள்ளாமல் போனில் தம்பியிடம் காய்ந்தேன். "அது கல்யாணப் பாட்டாடா? சாவு வூட்டுல போடத்தான் லாயக்கு. கெட்டதுல போடு." அப்பாவிடம் கேட்கவா என்று இழுத்தான். கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் ஒருத்தி சொன்னால் போதும், அதுதானே வழக்கம் என்று போனை வைத்துவிட்டேன். பாட்டு கெட்டது பக்கம் போயிற்று.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். அப்பாவை மூச்சிரைப்பு அதிகமாகித் திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எனக்கு வியாழக்கிழமை டப்ளினில் நர்ஸ் பதிவுக்கான பரீட்சை. ஊரில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தவள்தான், ஆனால் இதில் தேறினால்தான் இங்கே நர்ஸ், இல்லையென்றால் கஞ்சி ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டிருந்தேன். அப்பாவுக்கு அது பெரிய குறை. சனிக்கிழமையே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தம்பி சொன்னான். வீடியோவில் காட்டு என்றால் நெட்டு சரியில்லை என்றான். பேசக் கொடு என்றால், "தூங்குறாருக்கா. தொண்ட கட்டியிருக்கு, பேசக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு" என்றான். அம்மாவைக் கேட்டால் அம்மா எப்போது பார்த்தாலும் கொல்லையில் இருந்தாள். வருஷக் கடைசி ஆகிவிட்டதே, பாட்டு பிரிக்கலையா என்று கேட்டேன். "அப்புறம் பாத்துக்கலாங்க்கா, என்ன இப்ப" என்றான். எங்கள் கடையில் அதை யாரும் அப்புறம் பார்த்ததே இல்லை. 

ரேடியோ அந்த வருஷத்தைப் போட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நான் கிளம்பின வருஷத்துப் பாட்டில் அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று கேள், ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொண்டைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அப்பாவின் குரலேதான்.

"பாப்பா, அந்த அப்பன் பாட்ட நீ வையாத. எனக்கு அது புடிச்சிருக்கு. கெட்டதுக்குத் தள்ளிப்புட்டா அப்புறம் வூட்டுல கேக்க முடியாதுல்ல? தம்பிகிட்ட நல்லதுலயே போடச் சொல்லு. அது ஒண்ணுதான் என்னயப் பத்திப் பாடுன மாதிரி இருக்கு, நீ என்னடான்னா அதப் போயித் திட்டுற."

சந்தோஷத்தில் அழுதே விட்டேன். இரண்டாம் தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் கவனித்தேன். அத்தனை நீளம் பேசியிருக்கிறார், நடுவில் ஒரு இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. இரண்டு வருஷமாக அப்பா நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தித்தான் பேசுவார். நாள் முழுக்கக் கிழவர்களின் மூச்சைக் கேட்டுப் பிழைக்கிறவள் நான். இது இப்போதைய மூச்சே இல்லை. அந்த வருஷமே அப்பா எனக்காகப் பேசிப் பதிந்திருக்கிறார், என் கோபத்துக்குப் பயந்து தம்பி அனுப்பாமல் வைத்திருக்கிறான். குரல் எவ்வளவு தெம்பாக இருந்ததோ அவ்வளவு பயமாக இருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைக்கே மேனேஜரிடம் அவசர லீவு பற்றிக் கேட்டேன். அப்பாவுக்கு என்ன என்று அவள் கேட்டபோது மூச்சிரைப்பு என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி டீ இடைவேளையில் மறுபடி கூப்பிட்டேன். ஊரில் அப்போது சாயங்காலம் நாலரை. இந்தத் தடவை எடுத்துவிட்டான். எடுத்த அந்த நொடியில் பின்னால் அப்பா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போனிலிருந்து அல்ல, குழாய் ஸ்பீக்கரில், திறந்தவெளியில். டக்கென்று நின்றது. நின்ற அமைதியில் ஒரு லாரி தடதடவென்று குலுங்கிப் போனது. சுண்ணாம்புக்கல் இறக்கிவிட்டுத் திரும்பும் காலி லாரி வேகத்தடையில் ஏறி இறங்குகிற சத்தம். அந்த வேகத்தடை எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. லாரி போகிற வரைக்கும் பேச்சை நிறுத்திவைத்து, போனதும் விட்ட இடத்திலிருந்து பேசி வளர்ந்தவர்கள் நாங்கள்.

"சொல்லுக்கா" என்றான் குமரேசன்.

"எங்கடா இருக்க?"

"கடையிலதாங்க்கா."

"என்னடா பாட்டு ஓடுச்சு?"

"செட்ட செக் பண்ணிட்டு இருந்தேன்."

"கெட்டதுல இருக்கிற பாட்டப் போட்டா செக் பண்ணுவ?"

கெட்டது பாட்டு எங்கள் வாசலில் ஓடுகிறதென்றால் அது சாவுக்குத்தான். அடுத்த வீட்டுச் சாவாக இருந்தால் செட்டுக்காரனுக்குப் போன் வந்ததென்று யாரும் பாட்டை நிறுத்த மாட்டார்கள். அம்மாவிடம் கொடு என்றேன். "அம்மா குளிக்குது" என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரீட்ச வியாழக்கிழமதானங்க்கா?" என்றான்.

வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன், என் சுபாவம் அவனுக்குத் தெரியும். அந்தக் கணமே விமானம் ஏறினாலும் நான் போய் நிற்கும்போது கொள்ளியும் வைத்துப் பாலும் தெளித்திருப்பார்கள். சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டார் என்ற அப்பா இன்றைக்குத்தான் வந்திருக்கிறார். கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள், படுபாவிகள். அவனுடைய மூச்சுச் சத்தம் போனில் கேட்டது. அப்பா போன வீட்டில், அழவும் முடியாமல், என்னிடம் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறான். "ஏன்டா பாட்ட நிறுத்துன?" என்றேன். "செக் பண்ணிட்டு இருந்தேன்னு சொன்னல்ல. முழுசாப் பண்ணு. நான் கேக்கிறேன்."

 பிறகு பாட்டு ஆரம்பித்தது. போனை எங்கோ ஸ்பீக்கர் பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் கெட்டது என்று சொன்ன ஒரு சொல்லுக்காக அப்பா அத்தனை வருஷமும் தன் வீட்டில் கேட்க முடியாமல் போன பாட்டு. அவர் காது கேட்காத நாளில்தான் அவர் வாசலில் அதைப் போட முடிந்தது. இரண்டாவது சரணத்தில் வயலின் வந்தது, பொம்பளைகள் அழுகிற சத்தமும் அதோடு வந்தது. அதில் அம்மா குரல் தனியாகத் தெரிந்தது.

நோரா டீக் கோப்பையோடு வந்தவள் பாட்டைக் கேட்டுவிட்டு, "அழகா இருக்கே, கல்யாணப் பாட்டா?" என்றாள். இல்லை, என் அப்பா இறந்துவிட்டார் என்றேன். கோப்பையை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஸாரி ஃபார் யுவர் டிரபிள், வால்." வளர்மதி என்பது இவர்கள் வாயில் நுழையாது, வால்தான். ஊரில் கேட்டால் மானம் போகும். டிரபிள் என்றால் தொந்தரவு என்று நினைத்து, "ஒரு தொந்தரவும் இல்லை" என்று சொன்னேன். சாவுக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள், அதுவரை அதை என்னிடம் சொல்ல யாருக்கும் நேர்ந்ததில்லை. நோரா பதறிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அப்பா பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டாள். சவப்பெட்டிக் கடை வைத்திருக்கும் அவள் மச்சான்தான் ரேடியோவுக்குப் பெயர் கொடுக்கிறவன். வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கலிய, பெருமாள் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை பழைய பாட்டுகள் முடிந்து அந்தப் பெண் குரல் வந்தது. நோரா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்போல, ஒருத்தரும் கரண்டியைத் தொடவில்லை. மூன்று பெயர்களுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக வாசித்தாள். கலிய பெருமாள், அரியலூர், இந்தியா. பிரிந்து வாடும் மனைவி, மகன் குமரேசன், மகள் வால், நம் ஊர். உடனே அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அப்பாவை ஒருநாளும் பார்த்திராத கிழவிகள் ஒவ்வொருத்தியாக வந்து என் கையைப் பிடித்து டிரபிள் சொன்னார்கள். அப்பாவைத் தெரிந்த ஓர் ஊரே அங்கே கீழப்பழுவூரில் என் பரீட்சைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது.

ஏப்ரன் பைக்குள் போன் அதிர்ந்தது. தம்பி.

"அக்கா, நாளைக்குப் பரீட்ச நல்லா எழுதுக்கா. அப்பா சொல்லச் சொன்னாரு."

சரிடா, எழுதிவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல் என்று பதில் அனுப்பினேன்.