சிவப்பு விளக்கின் முன் வைத்த ஒப்பாரி

இதை எழுதப் பல வருடங்களாக மனம் வரவில்லை. இன்று கோயில் அம்மாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே சில ஜெர்மன்காரர் ஒரு ரொக் இசைத்தட்டு செய்துகொண்டிருந்தார்கள். மழைச் சத்தம், ரயில் சத்தம் என்று எதையும் பதிந்து கிற்றாரோடு சேர்ப்பார்கள்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் என் அம்மா இறந்துபோனா. சண்டையால் போக முடியவில்லை. ஃபிளாட்டில் வாய்விட்டு அழுதால் கீழ்வீட்டுக்காரர் கீழேயிருந்து தடியால் இடிப்பார். இதை அறிந்த ஜெர்மன்காரர் ஒருவர், தாங்கள் பாடும் அறையைக் காட்டி, "இந்த அறைக்குள் அழுங்கள், வெளியே கேட்காது" என்றார்.

உள்ளே ஒரு சிவப்பு பல்ப் எரிந்தது. வீட்டில் சாமிப்படத்துக்கு முன்னால் எரிவதைப் போலவே இருந்தது. அதைப் பார்த்தபடி, "என்ர அம்மா, உங்களைத் தனிய விட்டிட்டு வந்திட்டனே" என்று ஒப்பாரி வைத்தேன்.

அடுத்த வருடம், இந்த மாதிரி இசையில் பைத்தியமான என் தம்பி அந்த இசைத்தட்டைப் போட்டான்.

"அக்கா, இது உங்கட குரலெல்லோ! ஜெர்மன்காரரோட பாடப் போனதைச் சொல்லவேயில்லை!"

"நான் பாடேல்லையடா. அங்க சிவப்பு லைற்றுக்கு முன்னால அழுதனான்."

அவன் சிரிப்பு நின்றது. "ரெக்கோட் பண்ணுற நேரம்தான் அக்கா அந்த லைற் எரியும்."

என்னை அழச் சொன்ன அந்த ஜெர்மன்காரர் மீண்டும் கூடத்துக்கு வந்தபோது, ஏன் அதைப் பதிந்தீர்கள் என்று கேட்டேன். "மிக அழகாக இருந்தது" என்றார்.

"அது என் அம்மாவின் செத்தவீடு, ஐயா" என்றேன்.

அதன்பிறகு கோயிலில்கூட எனக்கு வாய்விட்டு அழ வரவில்லை. இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், எதையும் சேர்க்காமல் இப்படியே சொல்லுங்கள்.