கண்ணை மூடாமல் படம் பார்க்கப் பதுளைக்குப் போனோம்

போனவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரருடைய அக்கா சிவகாமி மதினி, மதினியின் மகள் பவளம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கடைசி வீட்டுக் காளியம்மா. காளியம்மா கம்பளி வாங்கத்தான் வந்தாள். மழை பிடித்துக்கொண்டதால் வகுப்பிலும் எங்களோடு உட்கார்ந்துவிட்டாள். நம் மாதர் சங்கக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் சிலர் அடுத்த மாதம் போகப்போவதாகக் கேள்வி. அவர்களுக்காக எழுதுகிறேன்.

போன காரணம் ஊருக்கே தெரியும். திருவிழாவில் கோயிலடியில் திரைக்கு வேட்டியைக் கட்டிப் படம் காட்டினார்கள் அல்லவா? அம்மன் முகம் திரை நிறைய வந்தது. தலையை இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்தது. அந்த நேரம் பார்த்து மதினி, பவளத்தை என் மகன் கதிருக்குக் கொடுக்கலாமா தாயே என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஆத்தா வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று அன்றோடு சம்பந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் இரண்டுக்கும் சம்மதம், ஜாதகமும் பொருத்தம். மதினி குடும்பம் இந்தியாவுக்கே திரும்பிப் போக எழுதிக்கொடுத்து, பாஸ்போர்ட்டும் வந்தாயிற்று. கப்பலுக்குத் தேதி வருவதற்குள் கல்யாணப் பதிவை எழுதிவிட்டால் பவளம் இங்கே எங்களோடு இருப்பாள். இல்லாவிட்டால் தலைமன்னாரில் கப்பல் ஏறவேண்டியதுதான். நானும் அதே அம்மனுக்குத்தான் செவ்வாய் தவறாமல் விளக்குப் போடுகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத தாய் மதினியிடம் மட்டும் சொன்னாளா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருவிழாவுக்குப் படப்பெட்டி அனுப்பிய அஸீஸ் மாஸ்டர், பதுளையில் தன் அண்ணனின் புடவைக்கடை மாடியில், மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில், படம் எப்படி எடுக்கிறார்கள் என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கட்டணம் கிடையாது. அதே ரீலைப் போட்டுக் காட்டும்படி ஆள் விட்டுச் சொல்லிவைத்தேன்.

ஸ்பிரிங்வெளி நிறுத்தத்தில் ஏழரைக்கு வரவேண்டிய பஸ் எட்டேகாலுக்கு வந்தது. ஆளுக்கு எழுபது சதம். வழியில் முட்டைக்கோவா மூட்டை ஏற்ற நிறுத்தினார்கள். பிறகு டிரைவர் தேத்தண்ணி குடிக்க இறங்கினார். படத்துக்கு நேரமாகிறது என்றேன். "படந்தானேம்மா, ஓடியா போயிடும்?" என்றார். மதினிக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாஸ்டர் முதலில் கேமராவைப் பற்றிச் சொன்னார். தரையில் வைத்து எடுத்தால் கட்டையான ஆளும் மலைபோலத் தெரிவான். கிட்டத்தில் முகத்தை மட்டும் எடுத்தால் நம்மிடமே பேசுவதுபோல் இருக்கும். அடுத்தது முக்கியமானது: ஒருவர் பார்ப்பதை ஒரு துண்டாகவும், அவர் எதைப் பார்க்கிறார் என்பதை இன்னொரு துண்டாகவும் எடுத்து ஒட்டுவார்களாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும்.

ஆத்தா சொன்னதைப் பொய்யாக்கத்தான் இந்தப் பேச்சு என்று மதினி எழுந்தார். "நீங்க வேற மார்க்கம். எங்க ஆத்தா சொன்னத நீங்க எப்படித் தம்பி பொய்யின்னு சொல்லலாம்?"

மாஸ்டர் கோபப்படவில்லை. "அம்மனப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேம்மா. கேமராவப் பத்தி மட்டுந்தான் பேசுவேன்" என்று ரீலை ஓட்டினார்.

முகம் வந்தது. தலை அசைந்தது. அதற்குப் பிறகு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மன் முகம் கிட்டத்தில் வந்து தலை அசைந்ததும் அத்தனை பெண்களும் கையைத் தலைக்குமேல் தூக்கிக் கண்ணை மூடிவிட்டோம். திருவிழாவிலும் அப்படித்தான் செய்திருப்போம். அப்புறம் படத்தில் மணிச்சத்தம் அடங்கித்தானே கண்ணைத் திறப்பது? மாஸ்டர் மறுபடி ஓட்டினார். வகுப்புக்கு இழுத்துக்கொண்டு வந்த நானே மறுபடி கையைத் தூக்கிக் கண்ணை மூடித்தொலைத்தேன். பிறந்ததிலிருந்து பழகிய கை, நான் சொல்வதைக் கேட்டால்தானே.

மூன்றாம் தடவை பவளம் தன் அம்மாவின் இரண்டு கைகளையும் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கும்புட வேணாம்மா, பாரு" என்றாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அம்மன் தலையை அசைத்ததும் அடுத்த துண்டு வந்தது. ஒரு பணக்காரன் தாம்பாளம் நிறையத் தங்கத்தை வைத்துக்கொண்டு நீட்டுகிறான். அம்மன் வேண்டாம் என்றது அந்தத் தாம்பாளத்தை.

காளியம்மாதான், "ஆத்தா எவனையோ பாத்துத் தலைய ஆட்டுனா, நீ குறுக்க போயி நின்னுக்கிட்டயே" என்று மதினியின் தோளில் இடித்தாள்.

இனிச் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். பஸ்ஸில் மதினி ஹாலிஎலக்காரி ஒருத்தியோடு புளி விலை பேசிக்கொண்டு வந்தார். எனக்குத் தலை வெடித்தது. இறங்குகிற இடத்தில்தான் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஆத்தா வேணான்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. இத்தன நாளா சாமி தலையில போட்டுட்டு நிம்மதியா இருந்தேன். புள்ளய இங்க விட்டுட்டுக் கடலத் தாண்டுறதா வேணாமான்னு இப்ப நானுல்ல சொல்லணும்?"

பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் வரை நடந்தேன்.

போகிறவர்களுக்கு: ஏழரை பஸ்ஸை நம்பாதீர்கள், அதற்கு முந்தியதைப் பிடியுங்கள். போக வர ஆளுக்கு ஒரு ரூபாய் நாற்பது, கடைத் தேத்தண்ணி தனி. குடை அவசியம். விளங்காவிட்டால் திரும்பப் போடச் சொல்லுங்கள், மாஸ்டர் முகம் சுளிக்கமாட்டார். கும்பிடுவதென்றால் ரீல் முடிந்தபின் கும்பிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. நான் அன்று பார்க்கவும் செய்தேன், கும்பிடவும் செய்தேன்.

மதினி, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வரும். கப்பலுக்குத் தேதி போடுவதற்கு முன், சரியோ வேண்டாமோ, உங்கள் வாயால் ஒரு பதில் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.