பூக் கொடுக்காத அம்மனும் என் மகளின் தோளும்

குரங்கை விரட்டக் கல்லெறிந்தால் கை முறியுமா? என் மகள் தர்ஷினிக்கு முறிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. போன வருஷம் தை மாதம், வீட்டுக்குப் பின்னால் வாழைத்தாரில் குரங்குகள் ஏறிவிட்டன. ஓடிப்போய் ஒரு கல்லை வீசினாள். வீசிய வேகத்தில் "அம்மா!" என்று அலறி உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, எதிலும் மோதவில்லை. அதுவரை தோள் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வலது கை தொங்கிப்போய்விட்டது.

மலை இறங்கி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்த டாக்டரம்மா, "எலும்புக்குள்ள ஒரு கட்டி இருக்குதுங்க" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் அவர் பேசியது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கையை எடுத்துவிடுவார்களோ, பிள்ளையே போய்விடுமோ என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, சில வாரம் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னார். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் எங்கள் மலையேறியபோது வளைவுக்கு வளைவு அழுதேன்.

போகவேண்டிய நாள் வந்தது. வீட்டுக்காரர் கிளம்பி நின்றார். "அம்மன் பூக் குடுக்காம நான் மலை இறங்க மாட்டேனுங்க" என்று ஒரே பிடியாக நின்றேன். எங்கள் ஊர்க் கோயிலில் எட்டுக்கை அம்மன் தலையில் பூ வைத்து, மனசுக்குள் கேட்டுவிட்டுக் காத்திருப்போம். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். விழாவிட்டால் பதில் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை விழவில்லை. அடுத்த வெள்ளியும் விழவில்லை. எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "எட்டுக் கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, எம்புள்ளைக்கு இருக்கிறதே ரெண்டு. அதுல ஒண்ணு உன் கண்ணை உறுத்துதா?" என்று சந்நிதியிலேயே சத்தம் போட்டேன். பூசாரி திகைத்துப்போய், "அம்மிணி, மெதுவாப் பேசுங்க" என்றார்.

கைக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தர்ஷினி கேட்டாள். "ஏம்மா, நீ சாமிகிட்ட என்னன்னு கேட்ட?"

"கட்டியே இல்லைன்னு சொல்லச் சொல்லிக் கேட்டேன் கண்ணு."

"அதான் எக்ஸ்ரேல இருக்குதே! இருக்கிறதை எப்படிம்மா சாமி இல்லைன்னு சொல்லும்? வேற கேளு."

பூசாரி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடி, "தாயே, அது என்னவா இருந்தாலும் காது குடுத்துக் கேட்க எனக்குத் தைரியம் குடு" என்றேன். கண்ணைத் திறப்பதற்குள் பூசாரி, "வலத்துல உழுந்துருச்சுங்க!" என்று கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுநாளே முதல் பஸ். இந்தத் தடவை டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன். எலும்புக்குள் நீர் கோத்த ஒரு பையாம். வளரும் பிள்ளைகளுக்குத் தோளுக்குக் கீழே அந்த இடத்தில் வருவது உண்டாம். வெளியே தெரியாதாம், பெரும்பாலும் வலிக்காதாம். உள்ளே எலும்பு மெலிந்துபோய், சின்ன வேலைக்கே முறிந்துவிடுமாம். "படத்தைப் பார்த்தா புற்றுநோய் மாதிரி தெரியலைங்க. போன தடவையே சொன்னேனே!" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முறிந்த எலும்பு ஒட்டிக் கூடியிருந்தது. சில பிள்ளைகளுக்கு முறிவு கூடும்போதே அந்தப் பையிலும் எலும்பு நிரம்பிவிடுமாம், இவளுக்கு நிரம்பவில்லை. மயக்கம் கொடுத்து, ஊசியால் அந்த நீரை இழுத்துவிட்டு உள்ளே மருந்து செலுத்தினார்கள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்து, புற்றுநோய் இல்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். சில மாதம் கழித்து இன்னொரு தடவை மருந்து செலுத்த வேண்டியிருந்தது. அப்போது நான் அழவில்லை. பஸ்ஸில் தர்ஷினி என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

இந்த வருஷம் எடுத்த படத்தில் இருட்டாக இருந்த இடம் வெள்ளையாக நிரம்பியிருந்தது. "திரும்ப வரவும் வாய்ப்பு உண்டுங்க, வளர்ந்து முடியற வரைக்கும் அப்பப்போ காட்டணும். மத்தபடி ஓடட்டும், ஆடட்டும்" என்றார் டாக்டரம்மா.

வைகாசியில் பலா பழுத்த வாசனைக்குக் குரங்குகள் வந்தன. "வேண்டாம் கண்ணு!" என்று நான் ஓடுவதற்குள் அவள் கல்லை எடுத்து வீசிவிட்டாள், அதே வலது கையால். குரங்கு அசையவில்லை. கல் எங்கள் வீட்டுக் கூரையில் விழுந்து ஓடுதான் உடைந்தது, கை உடையவில்லை. தர்ஷினி பயந்துபோய் என்னைப் பார்க்கிறாள், நான் களத்திலேயே உட்கார்ந்து அழுகையும் சிரிப்புமாய் அம்மனைக் கூப்பிடுகிறேன். உடைந்த அந்த ஓட்டை இன்னும் மாற்ற விடவில்லை. மழை ஒழுகினால் கீழே ஒரு குண்டானை வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பயம் வந்தால், அம்மனிடம் சண்டையே போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் தைரியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள். எங்களோடு மலை இறங்கி வந்தவள் உங்களோடும் வருவாள்.